உங்களுக்குத் தெரியுமா? தாம்பரம் ஸ்பெஷல்!

தாம்பரத்தில் பஸ் மாறுவோம், ரயில் ஏறுவோம், நடுவில் ஒரு டீ. அவ்வளவுதானே என்கிறீர்களா? இந்த முறை அந்தப் பக்கத்தைத்தான் சல்லடை போட்டுச் சலித்தோம். சிக்கியதெல்லாம் சரவெடி! கொளுத்தட்டுமா?

மூவரசம்பட்டு தெரியுமா? ஒரு பக்கம் நங்கநல்லூர், மடிப்பாக்கம். அது சென்னை மாநகராட்சி. இன்னொரு பக்கம் கீழ்க்கட்டளை. அது தாம்பரம் மாநகராட்சி. நடுவில் உட்கார்ந்திருக்கும் மூவரசம்பட்டு? கிராம ஊராட்சி! இரண்டு மாநகராட்சிகளுக்கு நடுவே ஒரு கிராமம்! அடுக்குமாடி வீடுகளைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்!

முடிச்சூர் ரோட்டில் மேற்கே போய்க்கொண்டே இருங்கள். அதே கடைகள், அதே ஆட்டோக்கள், அதே டிராஃபிக். ஆனால் ஓர் இடத்தில் மாநகராட்சி முடிந்து ஊராட்சி தொடங்கிவிடும். கவுன்சிலர் போய் பிரசிடென்ட் வந்துவிடுவார்!

உள்ளாட்சித் தேர்தலில் மாநகராட்சிக்காரருக்கு எத்தனை ஓட்டு? ஒன்றே ஒன்று! வார்டு கவுன்சிலருக்கு மட்டும். பக்கத்து ஊராட்சிக்காரருக்கு? நாலு ஓட்டு!

மாநகராட்சியில் மிஷின். பட்டனை அழுத்தினால் 'பீப்'. வேலை முடிந்தது. ஊராட்சியில் இன்னமும் வாக்குச்சீட்டுதான்! வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு. ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை. மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நாலையும் கையில் விசிறிபோல வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போக வேண்டும். ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றி, நாலு சீட்டிலும் குத்த வேண்டும். மை பக்கத்துச் சின்னத்தில் ஒட்டாதபடி பதவிசாக மடிக்க வேண்டும். அப்புறம்தான் பெட்டி! எண்ணும்போது முதல் வேலை என்ன? நிறம் நிறமாகப் பிரிப்பது! நாலு தேர்தல், ஒரே பெட்டி!

செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த நாலு நிறத் திருவிழா நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். மாநிலத்தின் மற்ற பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. இங்கே ஏன் தாமதம்? மாவட்டமே புதுசு! இப்படிப் பிரிவினையில் சிக்கிக் காத்திருந்தவை மொத்தம் 9 மாவட்டங்கள்!

இன்னொரு வேடிக்கை. ஊராட்சித் தலைவரை ஊரே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. மேயரை? கவுன்சிலர்கள் மட்டும்தான்! 'நான் ஓட்டுப் போட்ட தலைவர்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல மேடவாக்கம் ஊராட்சிக்காரருக்கு உரிமை உண்டு. தாம்பரத்துக்காரருக்கு இல்லை!

ஊராட்சித் தலைவர் நினைத்தால் இஷ்டத்துக்குச் செக் கிழிக்கலாமா? முடியாது! கூடவே துணைத்தலைவர் கையெழுத்தும் வேண்டும். இருவருக்கும் ஆகாது என்றால்? தெருவிளக்கு பல்புக்குக்கூடத் தவம்தான்! ஊராட்சி அரசியலின் பாதிக் கதை இந்தச் செக் புத்தகத்துக்குள் இருக்கிறது.

ஒரு கிராம ஊராட்சியில் அதிகபட்சம் எத்தனை வார்டு உறுப்பினர்கள்? 15! புறநகரில் ஊர் எவ்வளவு வீங்கினாலும் அந்த 15தான்!

கிராம சபைக்கு வருடத்தில் எத்தனை நாள்? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலைத்தான் பலருக்கும் தெரியும். மார்ச் 22 தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் பிறகு சேர்ந்தன. ஆக மொத்தம் 6!

அந்தக் கூட்டத்துக்குக் கூலிங் கிளாஸ் போட்ட ஐ.டி. ஊழியர் போகலாமா? ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் அவரும் கிராம சபை உறுப்பினரே! மனு கொடுக்கலாம், கணக்குக் கேட்கலாம், தீர்மானத்தில் கை தூக்கலாம். பத்தாயிரம் பேருக்கு மேல் வசிக்கும் ஊராட்சி என்றால் கூட்டத்துக்குக் குறைந்தது 300 பேர் வர வேண்டும். வருகைப் பதிவு நோட்டில் கையெழுத்து எண்ணுவார்கள். மேடவாக்கம் மாதிரி ஊரில் அந்த 300ஐச் சேர்ப்பதற்குள் செயலருக்கு மூச்சு முட்டிவிடும்!

'கிராமத்துக்கு மட்டும் சபையா? எங்களுக்கு?' என்று நகரவாசிகள் கேட்டார்கள். 2022 நவம்பர் 1ஆம் தேதி நகரங்களிலும் பகுதி சபை நடந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் வந்து உட்கார்ந்தது எங்கே தெரியுமா? தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்!

மாநகராட்சி ஆகிவிட்டால் எல்லாம் லாபம்தானே? அவசரப்படாதீர்கள்! 2005இல் சட்டமாக வந்த நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு மட்டும்தான். ஊர் நகரமானால் அந்தக் கூலி கட்! 'எங்களை இணைக்காதே' என்று கிராமங்கள் கொடி பிடிப்பது சும்மா இல்லை.

இப்போது ஒரு தலைசுற்றல்! தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல், நன்மங்கலம், பெரும்பாக்கம், பொழிச்சலூர் எல்லாம் எந்த ஒன்றியம்? பரங்கிமலை ஊராட்சி ஒன்றியம்! சரி, அந்த ஒன்றிய ஆபீஸ் பரங்கிமலையில்தானே? இல்லை, சிட்லபாக்கத்தில்! சிட்லபாக்கம் அந்த ஒன்றியத்துக் கிராமமா? அதுவும் இல்லை, மாநகராட்சி! பரங்கிமலையில் ஊராட்சியாவது உண்டா? அதுவும் கிடையாது! பி.டி.ஓ. ஒரு ஊரில், பேர் இன்னொரு ஊரின் பேர், ஊராட்சிகள் வேறெங்கோ!

பரங்கிமலையை யார்தான் ஆள்கிறார்கள்? கன்டோன்மென்ட் போர்டு! சென்னை மாநகராட்சியும் இல்லை, தாம்பரம் மாநகராட்சியும் இல்லை. ராணுவ அமைச்சகத்தின் கீழ் வரும் தனி ராஜ்ஜியம். சட்டப்படி தலைவர் நாற்காலியில் ராணுவ அதிகாரி. மக்கள் பிரதிநிதிக்குத் துணைத்தலைவர் நாற்காலி. இந்தக் கன்டோன்மென்ட்டுக்கு வயது என்ன தெரியுமா? தொடங்கியது 1774!

பல்லாவரம் ஒன்று என்று நினைத்தீர்களா? ஜமீன் பல்லாவரம் உண்டு. இசா பல்லாவரம் உண்டு. கன்டோன்மென்ட் பல்லாவரமும் உண்டு. முகவரி கேட்டுப் போகிறவர்கள் மூன்றையும் சுற்றாமல் திரும்புவது அபூர்வம்!

தாம்பரம் மாநகராட்சி பிறந்த தேதி 2021 நவம்பர் 3. ஒரே நாளில் எத்தனை ஊர்களைச் சேர்த்தார்கள்? தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று 5 நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று 5 பேரூராட்சிகள். ஆக 10! பரப்பு சுமார் 87 சதுர கிலோமீட்டர்!

இதில் மாடம்பாக்கத்துக்கும் திருநீர்மலைக்கும் அடித்தது லாட்டரி. பேரூராட்சியாகத் தூங்கி, மாநகராட்சியாக எழுந்தார்கள். நடுவில் நகராட்சி என்ற படியே இல்லை. டபுள் புரமோஷன்!

பேரூராட்சி என்ற அந்த அமைப்பு இருக்கிறதே, கிராமமும் இல்லை, நகரமும் இல்லை என்று நடுவில் ஒரு படி! அதை இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்த மாநிலம் எது? சந்தேகமே வேண்டாம், தமிழ்நாடு!

2011 கணக்கெடுப்பில் பல்லாவரத்தின் மக்கள்தொகை 2,15,417. தாம்பரத்தின் மக்கள்தொகை 1,74,787. பெரியவர் பல்லாவரம்! ஆனால் மாநகராட்சிக்குப் பேர்? தாம்பரம்! பல்லாவரத்துக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், காபி ஆறிவிடும்!

1964க்கு முன்னால் தாம்பரம் நகராட்சியே கிடையாது! அந்த வருடம்தான் இரும்புலியூர், கடப்பேரி, புலிக்கொரடு, சேலையூர் எல்லாவற்றையும் தாம்பரத்தோடு சேர்த்து முனிசிபாலிட்டி ஆக்கினார்கள். இன்று பஸ் ஸ்டாப் பேர்களாகப் பார்க்கிறீர்களே, அத்தனையும் ஒரு காலத்துத் தனித்தனி ஊர்கள்!

வீட்டை மாற்றாமலே மாவட்டம் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? தாம்பரத்துக்கு வாருங்கள்! 1997 ஜூலைக்கு முன்பு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். பிறகு காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு மாவட்டம். அதே வீடு, அதே வாசல், அதே வேப்பமரம், 3 மாவட்டம்!

தாம்பரத்துக்காரர் ஒருவர் சொந்த விலாசத்தை முழுசாகச் சொன்னால் எப்படி இருக்கும்? தபாலுக்கு சென்னை 600 045. கலெக்டருக்கு செங்கல்பட்டு. எம்.பி.க்கு ஸ்ரீபெரும்புதூர். வண்டி நம்பர் டிஎன் 11. வீட்டு வரிக்கு தாம்பரம். வெளியூர்ச் சொந்தக்காரர் கேட்டால்? 'சென்னைதாங்க!'

தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் பின்கோடும் மாறிவிடும். கிழக்குத் தாம்பரத்துக்கு 600 059. ஒரே ஊர், நடுவில் ரயில், இரண்டு பின்கோடு!

பின்கோடு மட்டுமா மாறுகிறது? மழைத்தண்ணீரும் மாறுகிறது! இதைத்தான் இந்த வாரத்தின் ஒசத்தியான கண்டுபிடிப்பு என்போம். மேற்குத் தாம்பரம் பக்கத்தில் விழும் மழை முடிச்சூர் வழியாக அடையாற்றைப் பிடித்து, அடையாறு முகத்துவாரத்தில் கடலில் சேரும். கிழக்கே சேலையூர் பக்கத்தில் விழும் மழை? ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போய், ஒக்கியம் மடுவில் புகுந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கோவளம் பக்கம் கடலைத் தொடும். ஒரே ஊரில் பெய்த மழை, இரண்டு முகத்துவாரம்! இடைவெளி 20 கிலோமீட்டருக்கு மேல்!

அந்த ஏரிகளை வரிசையாகச் சொல்லுங்கள் பார்ப்போம்? சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குத் தண்ணீர். அது நிரம்பினால் அடுத்தது. மோட்டார் இல்லை, பைப் இல்லை, கரன்ட் பில் இல்லை! வெட்டியவர்கள் கையில் இருந்தது மண்வெட்டியும் மேடு பள்ளம் தெரிந்த கண்ணும்தான்!

நடுவில் ஒரு கால்வாயை மறித்து வீடு கட்டினால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் படகு வரும்!

இந்த ஏரித் தண்ணீரெல்லாம் போய்ச் சேரும் பள்ளிக்கரணைக்கு 2022இல் உலக அந்தஸ்து கிடைத்தது. ராம்சர் பட்டியலில் இடம்! 1,247 ஹெக்டேர்! ஒரு காலத்தில் அதைப்போலப் பல மடங்கு இருந்ததாம், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சென்னையின் அடையாறு எங்கே பிறக்கிறது? ஊட்டியா, கொல்லிமலையா? தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே, ஆதனூர் ஏரிப் பக்கம்! மலையே இல்லாத நதி! மொத்த நீளம் சுமார் 42 கிலோமீட்டர். காலையில் ஊற்றைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குள் கடலையும் பார்த்துவிடலாம்!

அந்தக் குட்டி நதியைக் குறைத்து எடை போடாதீர்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டிமீட்டர்! சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சராசரி 140 சென்டிமீட்டர்தான். மூன்றில் ஒரு பங்கை ஒரே நாளில் தலையில் கவிழ்த்துவிட்டது வானம்!

ஆற்றின் மேல் விமானம் ஓடுமா? ஓடும்! சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றைப் பாலம் போட்டுத் தாண்டுகிறது. மேலே விமானம், கீழே ஆறு! இந்தியாவில் இப்படி ஒன்று அமைந்தது இங்கேதான் முதல்முறை!

அந்த ஓடுபாதைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஊர் கவுல் பஜார். தலைக்கு மேல் போயிங், வாசலில் ஆறு, பஜார் என்று பேர். ஆனால் அரசாங்கக் கணக்கில்? கிராம ஊராட்சி!

இந்தியாவின் கற்கால வரலாறு எந்த ஊரில் தொடங்கியது? பல்லாவரத்தில்! 1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் ராணுவ மைதானத்துச் சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டார். நமக்கு அது கல். அவருக்கு அது கைக்கோடாரி! இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். அந்த ஒரு கல்லுக்கு முன்பு இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தானா என்றே யாருக்கும் நிச்சயமில்லை! இப்போது அந்தப் பக்கம் பிரியாணிக்குத்தான் கூட்டம்.

அதே வருடம் அவர் திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கம் போனார். அங்கே கிடைத்த கருவிகளின் வயது இப்போது கணக்கிட்டபடி 15 லட்சம் ஆண்டுகள்! தொடக்கப் புள்ளி எது? நம்ம பல்லாவரம்!

பல்லாவரத்து மலையில் ஒரு குடைவரை இருக்கிறது. குடைந்தவர் மகேந்திரவர்ம பல்லவன். அவருடைய பட்டப்பெயர்கள் கல்லில் அப்படியே இருக்கின்றன. இப்போது உள்ளே என்ன? தர்கா! பல்லவ மன்னன் குடைந்த குகையில் பாத்தியா ஓதுகிறார்கள்!

கல்கத்தாவை உருவாக்கியவர் என்று வெகு காலம் சொல்லப்பட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் எங்கிருந்து போனது? நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்து! அந்தக் கல்லைப் பார்த்து வியந்துதான் தாமஸ் ஹாலந்து 1893இல் ஒரு பாறை இனத்துக்கே சார்னோகைட் என்று பேர் வைத்தார். பரங்கிமலை, பல்லாவரம் மலையெல்லாம் அந்தப் பாறைதான். அதே பாறை வேறு எங்கே கிடைக்கிறது? அண்டார்டிகாவில்! பல்லாவரமும் பனிக்கண்டமும் ஒரே குலம்!

திருநீர்மலைக்குப் போயிருக்கிறீர்களா? ஒரே தலத்தில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் சேவை சாதிக்கிறார். நின்றவர் நீர்வண்ணர். இருந்தவர் நரசிம்மர். கிடந்தவர் ரங்கநாதர். நடந்தவர் உலகளந்தவர். நாலு கோலமும் ஒரே டிக்கெட்டில்! 108 திவ்ய தேசங்களில் இதுவும் ஒன்று. மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார் என்பது தலபுராணம். அந்தப் பெருமாள் 2021 வரை பேரூராட்சிவாசி!

மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பின்பக்கம் யானை படுத்த மாதிரி வளைந்திருக்கும். தூங்கானை மாடம்! சோழர் காலத்தில் இந்த ஊருக்கு என்ன பேர் தெரியுமா? உலகுய்யவந்த சோழ சதுர்வேதிமங்கலம்! ஷேர் ஆட்டோக்காரர் இதைக் கூவிக் கூப்பிட வேண்டியிருந்தால் வண்டியே கிளம்பியிருக்காது!

நன்மங்கலம் காட்டில் கைவிட்ட கல்குவாரியில் யார் குடியிருக்கிறார்கள்? கொம்பன் ஆந்தைகள்! வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை!

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் எப்போது வந்தது? சுதந்திரத்துக்குப் பிறகா? 1931 மே 11! இந்தியாவின் முதல் மீட்டர் கேஜ் மின்சார ரயில் அதுதான்! தாம்பரம் முனிசிபாலிட்டி ஆனது 1964இல் என்றோமே, கணக்குப் போடுங்கள். ஊர் நகரமாவதற்கு 33 வருடம் முன்பே கரன்ட் ரயில்! வீட்டில் சிம்னி விளக்கு, ஸ்டேஷனில் மின்சார வண்டி!

அந்த மீட்டர் கேஜ் மின்சார வண்டி கடைசியாக ஓடியது 2004இல். ஓடியது 73 வருடம்!

உலகத்தில் எத்தனை ரயில் நிலையங்களுக்கு ஆஸ்பத்திரியின் பேர் உண்டு? நமக்கு ஒன்று இருக்கிறது, தாம்பரம் சானடோரியம்! டாக்டர் சவரிமுத்து 1928இல் காசநோய்க்காக ஆரம்பித்தார். நல்ல காற்று, நிறைய மரம், ஊருக்கு வெளியே இடம் என்று தேடித்தான் இங்கே வந்தார். இடம் 250 ஏக்கர். முதலில் போட்ட கட்டில்கள்? 12! இன்று நெஞ்சக நோய்க்கு நாடே அறிந்த அரசு மருத்துவமனை.

அதற்குப் பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2005 செப்டம்பர் 3இல் திறந்துவைத்தவர் பிரதமர் மன்மோகன் சிங். ஒரு பக்கம் எக்ஸ்ரே, இன்னொரு பக்கம் நிலவேம்பு!

அப்புறம் மெப்ஸ். 1984இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம், சுமார் 260 ஏக்கர்!

மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிக்கு உள்ளே 365 ஏக்கர்! வருடத்துக்கு ஒரு நாள் என்று ஒதுக்கினால் தினம் ஒரு ஏக்கர் நடக்கலாம். சேலையூர்க் காட்டை வாங்கி 1937இல் குடிவந்த கல்லூரி அது. மான் குறுக்கே ஓடும், வகுப்புக்கு லேட்டானதற்கு அதையே காரணம் சொல்லலாம்!

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அங்கே படித்தவர்தானே? படித்தவர்தான், ஆனால் தாம்பரத்தில் இல்லை! அவர் காலத்தில் கல்லூரி ஹைகோர்ட்டுக்கு எதிரே இருந்தது. பந்தயம் கட்டினால் ஜெயிக்கலாம், எங்கள் கமிஷனை மறக்காதீர்கள்!

1938 டிசம்பரில் இந்தக் கல்லூரியில் உலக கிறிஸ்தவ மாநாடு ஒன்று நடந்தது. வந்தவர்கள் 471 பேர். நாடுகள் 69! முதலில் நடக்க இருந்தது சீனாவின் ஹாங்சௌ நகரத்தில். அங்கே ஜப்பான் படையெடுத்ததால் கூட்டம் தாம்பரத்துக்கு வந்தது. இன்றும் உலகெங்கும் இறையியல் புத்தகங்களில் 'தாம்பரம் 1938' என்றே குறிப்பிடுகிறார்கள். அப்போது தாம்பரம் முனிசிபாலிட்டிகூட இல்லையே!

இந்திய விமானப் படையில் பைலட்டுக்குக் கற்றுத்தரும் வாத்தியாருக்கே கற்றுத்தருவது எங்கே? தாம்பரத்தில்! 1948இல் அம்பாலாவில் தொடங்கிய பயிற்றுநர் பள்ளி 1954 முதல் இங்கேதான்!

குரோம்பேட்டைக்குப் பேர் கொடுத்தது சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை, ஒரு தோல் கம்பெனி! குரோம் லெதர் கம்பெனி! கம்பெனியை மறந்தாச்சு, ஸ்டேஷன் போர்டில் பேர் மட்டும் நிற்கிறது!

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை 1949இல் தொடங்கியவர் சி. ராஜம். பணத்துக்கு என்ன செய்தார்? சொந்த மாளிகையையே விற்றார்! அங்கே படித்து வெளியே வந்தவர்களில் இருவர்: அப்துல் கலாம், எழுத்தாளர் சுஜாதா! ராக்கெட் ஒரு பக்கம், கணேஷ்–வசந்த் ஒரு பக்கம்!

அனகாபுத்தூர் தறியில் என்னென்ன சேலையாகிறது? வாழை நார், கற்றாழை நார், இன்னும் என்னென்னவோ! ஒரே சேலையில் இவர்கள் நெய்து காட்டிய இயற்கை நார்களின் எண்ணிக்கை 25!

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே கிடைக்காதது அம்மா அப்பா மட்டும்தான் என்பார்கள். புறா, ரோஜாச் செடி, பழைய கதவு, ஓடாத ஃபேன், ஓடும் கடிகாரம், ஒரு சக்கரம் இல்லாத சைக்கிள், கருவாடு, ஸ்க்ரூ டிரைவர். தரையில் சாக்கை விரித்தால் கடை! விலை கேட்டதுமே பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். அவர் முறைப்பார். நடையைக் கட்டுங்கள். பின்னாலேயே கூப்பிடுவார்! கறாராகப் பேரம் பேசும் பாட்டிகளிடமிருந்து மட்டும் ஒதுங்கி நில்லுங்கள், அவர்கள் முடித்த பிறகுதான் நமக்கு மிச்சம்.

இந்தியாவின் முதல் பொது உயிரியல் பூங்கா எது? 1855இல் சென்னையில் தொடங்கியது. இடம் போதாமல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்து, 1985 ஜூலை 24இல் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். பரப்பு 602 ஹெக்டேர். வாடிகன் நகரம் முழுசாகவே 44 ஹெக்டேர்தான். வண்டலூர் ஜூவுக்குள் 13 வாடிகன் போக இன்னும் மிச்சம்! 2021இல் மாநகராட்சி பிறந்தபோது வண்டலூர் அதில் சேரவில்லை. சிங்கமும் புலியும் கட்டாங்கொளத்தூர் ஒன்றியத்து ஜீவன்களாகவே நின்றன!

அதை ஒட்டிய கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 88 ஏக்கருக்கு மேல். திறந்த நாள் 2023 டிசம்பர் 30. மதுரைக்கும் நெல்லைக்கும் பஸ் ஏற எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் இடம். அதே மண்ணில் வேறு என்ன இருக்கிறது? தொல்லியல் துறை பாதுகாக்கும் பெருங்கற்காலப் புதைகுழிகள்!

வண்டலூரில் இடதுபுறம் ஜூ, வலதுபுறம் வெளிவட்டச் சாலை. பிடித்தால் மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர்! பெருங்களத்தூரில் பைபாஸைப் பிடித்தால் சென்னைக்குள் நுழையாமலே வடசென்னை வாசல் வரை 32 கிலோமீட்டர்! இரண்டுக்கும் நடுவில் ஜி.எஸ்.டி. ரோட்டில் மாட்டிக்கொண்டால்? நேரத்தை மட்டும் கேட்காதீர்கள்!

2011இல் சென்னை மாநகராட்சி வீங்கியது. 174 சதுர கிலோமீட்டர் ஒரே பாய்ச்சலில் 426! பள்ளிக்கரணை உள்ளே போனது. ஒட்டினாற்போல் இருக்கும் மேடவாக்கம் வெளியே நின்றது. நடுவில் மலையா, ஆறா? ஒன்றுமில்லை. ஒரு கோடு!

தாம்பரத்தின் முதல் மேயர் வசந்தகுமாரி. 2022 மார்ச் 4இல் நாற்காலியில் அமர்ந்தபோது வயது 25! பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட பதவி. அதே நாளில் சென்னை மாநகராட்சியிலும் பட்டியலினப் பெண் மேயர், பிரியா ராஜன். அவருக்கு வயது 28! ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு முனையிலும் முப்பதைத் தொடாத மேயர்கள்!

இதே வசந்தகுமாரி பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூரில் மனு போட்டிருந்தால்? கோவிந்தா! 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி குடவோலையில் பேர் எழுத வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிய வேண்டும். பெண்கள் பேச்சே இல்லை. கணக்குக் காட்டாமல் ஏய்த்தவர் மட்டுமில்லை, அவருடைய சொந்தபந்தமும் நிற்க முடியாது! ஒரு முறை இருந்தால் மூன்று வருடம் ஒதுங்கியிருக்க வேண்டும். அந்தக் கடைசி இரண்டு விதியை மட்டும் இன்றைக்குக் கொண்டுவந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்!

உத்திரமேரூரில் அன்று குடும்பு என்ற வார்டுகள் 30. தாம்பரத்தில் இன்று வார்டுகள் 70!